வீட்டிலேயே வால்வு செட்டிங்: ஒரு பழைய அம்பாசடரும் ஒன்பது கணக்கும்



பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, ஒரு கவிதை எழுதிப் பார்க்கலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கவிதைக்கு நம் வகுப்பிலேயே பெரிய வரிசை நிற்கிறது. அதனால் எனக்குக் கொஞ்சம் தெரிந்த, தெரிந்துகொள்வதற்காக நிறைய நஷ்டப்பட்ட ஒரு விஷயத்தை எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும், தெர்மல் என்ஜினியரிங் பேப்பரில் வால்வு பாடத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டு வண்டி

எங்கள் வீட்டில் இருப்பது 1986-ம் வருடத்து அம்பாசடர் மார்க் 4. 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். அப்பா இருபத்திரண்டு வருடம் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். அவர்கள் புதுக் கார் வாங்கியபோது இதைப் பழைய இரும்பு விலைக்கு அப்பாவிடமே கொடுத்துவிட்டார்கள். எங்கள் காரைக்குடிப் பக்கம் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய கார் வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் இந்தக் கார் ஓடினால்தான் என் செமஸ்டர் ஃபீஸ். எனவே இது எங்களுக்குக் கார் மட்டும் அல்ல.

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் தயாரானது. 2014-ல் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் பெட்ரோல் என்ஜின் பி.எம்.சி. என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் வடிவமைப்பு. அதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. மூடியைத் திறந்தால் நம் பாடப்புத்தகப் படம் அப்படியே எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். படிக்கிற பையனுக்கு இதைவிட நல்ல லேப் கிடையாது.

இடைவெளி எதற்கு?

முதலில் பாடம். கேம் ஷாஃப்ட்டில் உள்ள மேடு டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் புஷ் ராடைத் தூக்கும். புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தள்ள, ராக்கர் சீசா பலகை மாதிரி சாய்ந்து மறுமுனையால் வால்வை அமுக்கித் திறக்கும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து அதன் சீட்டில் உட்கார வைக்கும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 1500 தடவை திறந்து மூடுகிறது. அதாவது ஒரு விநாடிக்கு 25 தடவை.

வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ராக்கர் முனைக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். இதைத்தான் ஒர்க் ஷாப்பில் "டேப்பட் கேப்" என்கிறார்கள். ஏன் விட வேண்டும்? இரும்பு சூடானால் நீளும். 100 மி.மீ. நீள எஃகுக் கம்பியை 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் சுமார் 0.12 மி.மீ. நீளும். எக்ஸாஸ்ட் வால்வின் தலையோ பல நூறு டிகிரி சூட்டில் சிவந்து போய் வேலை செய்கிறது. ஹெட், பிளாக், புஷ் ராடு எல்லாமும் விரியத்தான் செய்யும். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் சூடாவது எக்ஸாஸ்ட் வால்வுதான். அது நீள்வதற்கு இடம் விட்டு வைக்க வேண்டும். இந்த என்ஜினுக்கு அந்த இடம், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஒர்க் ஷாப் பாஷையில் "பதினஞ்சு தௌ". இது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்கு மட்டும் சொன்னது. உங்கள் வண்டிக்கு உள்ள அளவை அதன் மேனுவலில் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கேப் கூடினால் வால்வு லேட்டாகத் திறந்து சீக்கிரம் மூடும்; திறக்கும் உயரமும் குறையும். இழுவை கொஞ்சம் குறையும், "டிக் டிக்" என்று தையல் மிஷின் மாதிரிச் சத்தம் வரும். கேப் குறைந்தால்? சத்தமே வராது. ஆனால் சூடானதும் வால்வு நீண்டு, உட்கார இடமில்லாமல் சீட்டை விட்டுச் சற்று தூக்கியே நிற்கும். வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்காரும் அந்த நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. உட்காராத வால்வு ஆறாது. அந்தச் சந்து வழியாக எரியும் வாயு பீறிட்டு வால்வின் ஓரத்தையே தின்றுவிடும். இதற்குத்தான் "வால்வு எரிஞ்சு போச்சு" என்கிறார்கள்.

இந்த ஒரு பாராவைப் பரீட்சையில் எழுதி ஏழுக்கு ஆறு மார்க் வாங்கியவன் நான். அதை வைத்துக்கொண்டே என்ன தவறு செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தேவையான சாமான்கள்

ஃபீலர் கேஜ் ஒன்று, அகலமான வாய் உள்ள ஸ்க்ரூடிரைவர், லாக் நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர், பிளக் ஸ்பானர், வேஸ்ட் துணி, ஒரு சாக்பீஸ். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. மி.மீ. ஸ்பானரை "ஏறக்குறைய சேருதே" என்று போட்டால் நட்டின் மூலை மழுங்கிப் போகும். ராக்கர் கவருக்கு ஒரு புதுக் கார்க் பேக்கிங்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையது பெரும்பாலும் பிய்ந்துதான் வரும்.

முக்கியமான சாமான் பொறுமை. முதல் நாள் ராத்திரி நிறுத்திய வண்டியை மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யாமலே வேலையைத் தொடங்க வேண்டும். பதினைந்து தௌ என்பது குளிர்ந்த என்ஜினுக்கு உள்ள கணக்கு.

ஒன்பது கணக்கு

நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. ரேடியேட்டர் பக்கமிருந்து 1, 2, 3 என்று 8 வரை சாக்பீஸால் எண் போட்டுக்கொள்ளுங்கள். இதில் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். எந்த வால்வைச் செட் பண்ணுகிறோமோ அதன் டேப்பட், கேமின் மேட்டில் இல்லாமல் நேர் எதிர்ப்புறத்து வட்டத்தில் இருக்க வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் தெரு முனையில் ஷெட் வைத்திருக்கும் மேஸ்திரி இதை எனக்கு ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, கூட்டினா ஒம்போது வரணும். எட்டு தொறந்திருந்தா ஒண்ணைப் பாரு." ஏன் மேஸ்திரி என்று கேட்டேன். "ஏன்னு நீதான் படிக்கிற, நீ சொல்லு" என்று சிரித்துவிட்டார்.

அன்று ராத்திரி நோட்டில் படம் போட்டுப் பார்த்தேன். இந்த என்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஒன்றாம் சிலிண்டர் பிஸ்டனும் நான்காம் சிலிண்டர் பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஆனால் அவற்றின் வேலை சரியாக ஒரு கிராங்க் சுற்று, அதாவது 360 டிகிரி, தள்ளி நடக்கிறது. கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அங்கே அது 180 டிகிரி. ஆகவே நான்காவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு (எண் 8) முழுக்கத் திறந்திருக்கும்போது, ஒன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுக்கு (எண் 1) உரிய கேம் மேடு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அதே மாதிரி ஒரு ஜோடி. வால்வுகள் முன்னிருந்து பார்த்தாலும் பின்னிருந்து பார்த்தாலும் ஒரே வரிசையில் இருப்பதால் எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9 வருகிறது.

என்ஜினைச் சுற்றச் சுற்ற வரும் வரிசை இது:

8 திறந்திருக்கும்போது 1-ஐ செட் செய்க.
6 திறந்திருக்கும்போது 3.
4 திறந்திருக்கும்போது 5.
7 திறந்திருக்கும்போது 2.
1 திறந்திருக்கும்போது 8.
3 திறந்திருக்கும்போது 6.
5 திறந்திருக்கும்போது 4.
2 திறந்திருக்கும்போது 7.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் எட்டும் முடிந்துவிடும். மறுநாள் நோட்டைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் காட்டி விளக்கினேன். கையில் கிரீஸ் இருந்ததால் நோட்டைத் தொடாமல் குனிந்து குனிந்து பார்த்தார். "நாப்பது வருசமா கூட்டிக்கிட்டிருக்கேன். இதுக்குத்தானா ஒம்போது?" என்றார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய மார்க் அதுதான்.

செய்முறை

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி விடுங்கள். கம்ப்ரஷன் இல்லாவிட்டால் என்ஜினைச் சுற்றுவது சுலபம்.

2. ராக்கர் கவரின் மேல் உள்ள மண்ணையெல்லாம் துடைத்த பிறகே அதன் இரண்டு நட்டுகளையும் கழற்றுங்கள். உள்ளே ஒரு சிட்டிகை மண் விழுந்தாலும் எண்ணெயோடு பேரிங் வரை போகும்.

3. டாப் கியரில் போட்டு ஒருவர் வண்டியை மெதுவாகத் தள்ள, இன்னொருவர் ராக்கரைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாதான் தள்ளுவார். வேண்டிய வால்வின் ஸ்பிரிங் முழுசாக அமுங்கியதும் "போதும்" என்று குரல் கொடுங்கள். தள்ளும்போது ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. கை வைக்கும் முன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் வையுங்கள்.

4. ஃபீலர் கேஜின் 15 தௌ தகட்டை ராக்கர் முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே நுழையுங்கள். புத்தகத்தின் மேல் ஒரு விரலை வைத்து, அடியிலிருந்து ஒரு தாளை உருவினால் லேசாகப் பிடிக்குமே, அந்தப் பிடிமானம் இருக்க வேண்டும். லொட லொடவென்று இருந்தால் கேப் அதிகம். தள்ளித் திணித்தால்தான் போகும் என்றால் கேப் குறைவு.

5. மாற்ற வேண்டுமானால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்புங்கள். சரியானதும் ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை முடுக்குங்கள். பிடிக்காமல் முடுக்கினால் நட்டோடு ஸ்க்ரூவும் கொஞ்சம் திரும்பிவிடும். முடுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி அளந்து பாருங்கள்.

6. சந்தேகம் இருந்தால் மெட்ராலஜியில் படித்த "கோ, நோ-கோ" கேஜை நினைத்துக்கொள்ளுங்கள். 14 தௌ தகடு சுலபமாகப் போக வேண்டும், 16 போகக் கூடாது.

7. எட்டும் முடிந்ததும் இன்னொரு முறை முழுக்கச் சுற்றி எட்டையும் சரிபாருங்கள். புது பேக்கிங் வைத்துக் கவரை மூடுங்கள். அந்த நட்டுகளை அளவாக முடுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் கவர் வளைந்து எண்ணெய் கசியும்.

நான் செய்த தவறு

முதல் தடவை நான் தனியாகச் செட் செய்தபோது ஏழு வால்வு அமைதியாகிவிட்டன. நான்காவது மட்டும் "டிக் டிக்" என்றது. நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன், அதேதான். மறுநாள் காலையில் குளிர்ந்த பிறகு திறந்து அளந்தேன். பதினைந்து தௌ சரியாக இருந்தது. ஆனாலும் சத்தம்.

அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேறு, "என்ன, பையன் படிச்சுப்புட்டான், வண்டி இன்னும் தையல் தைக்குது" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலாவதை மட்டும் சத்தம் அடங்கும் வரை முடுக்கினேன். சுமார் ஆறு தௌ. வண்டி பூனை மாதிரி ஆனது. அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "தம்பி செட் பண்ணுச்சு" என்றார்.

மூன்று வாரம் ஓடியது. பிறகு அப்பா ஒரு நாள், "மேம்பாலம் ஏறையில மூணாவது கியருக்கு எறக்க வேண்டியிருக்குடா" என்றார். பெட்ரோல் சரியில்லையாக இருக்கும் என்றேன். காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும், சூடானதும் ஐடிலிங்கில் மிஸ்ஸிங் அடிக்கும், சைலன்ஸரில் "பட் பட்" என்று சத்தம். பாடத்தில் உள்ள அத்தனை அடையாளமும் கண் முன்னால் இருந்தது. நான் பார்க்கவில்லை.

வைகாசி முகூர்த்தத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பூ அலங்காரத்தோடு, நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து போய்க்கொண்டிருந்த கார், கோயில் தெரு திரும்பும் இடத்தில் நின்றுவிட்டது. மாப்பிள்ளையை வேறு காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா வாடகையை வாங்கவில்லை. பூ அலங்காரத்துடனே வண்டியைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்தோம்.

மேஸ்திரி ஹெட்டைக் கழற்றினார். நான்காவது வால்வின் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு துண்டு இல்லை. இந்த என்ஜினில் 4, 5 ஆகிய இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கும் வெளியேறும் வழி ஒன்றே. பக்கத்தில் பக்கத்தில் இருந்து சூட்டைப் பகிர்ந்துகொள்ளும் இடம். அதில் போய்த்தான் நான் கை வைத்திருக்கிறேன்.

அப்படியானால் முதலில் வந்த சத்தம் எதனால்? மேஸ்திரி ராக்கரைக் கழற்றி அதன் முனையை என் விரலால் தடவச் சொன்னார். நடுவில் ஒரு குழி. வருடக்கணக்கில் வால்வுத் தண்டு தட்டித் தட்டித் தேய்ந்த பள்ளம். தட்டையான ஃபீலர் தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் இரண்டு கரைகளிலும் பாலம் மாதிரிப் படுத்துக்கொள்கிறது. தகடு பதினைந்து என்று சொன்னாலும் உண்மையான கேப் அதைவிட அதிகம். அதுதான் சத்தம். வைத்தியம், ராக்கர் முனையைச் சரியாகச் சாணை பிடிப்பது அல்லது ராக்கரையே மாற்றுவது. அதை முடிக்கும் வரை அந்தச் சத்தத்தோடு ஓட்டியிருந்தால் இவ்வளவு பெரிய கெடுதல் வந்திருக்காது. என் ஆறு தௌதான் வால்வைத் தின்றது.

"அளவு சரியா இருந்து சத்தமும் வந்தா, தேய்மானத்தைத் தேடணும் தம்பி. சத்தத்தை அமுக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி. புது வால்வு, லேப்பிங், ஹெட் பேக்கிங் என்று அப்பாவின் இரண்டு மாத வருமானம் போயிற்று. அப்பா திட்டவே இல்லை. "சத்தம் கேக்கலைன்னு நானுந்தானேடா சந்தோசப்பட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இன்னொரு எச்சரிக்கை

பழைய வண்டிகளில் கேப் தானாகவே குறைவதும் உண்டு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பாதுகாப்பாக இருந்தது. 2000-ம் ஆண்டு முதல் நம் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். நம் மூச்சுக்கு அது மிகவும் நல்லது. ஆனால் தனியாகக் கடின உலோக வளையம் வைக்காமல் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட் வெட்டியிருக்கும் பழைய என்ஜினில், சீட் மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே ஏறும். உள்ளே ஏற ஏற அதன் தண்டு ராக்கரை நோக்கி வரும், கேப் குறையும். இதற்கும் சத்தம் கிடையாது. எனவே சத்தம் வந்தால்தான் பார்ப்பேன் என்று இருக்கக் கூடாது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை திறந்து அளப்பது நல்லது. ஒரே வால்வு ஒவ்வொரு முறையும் கேப் குறைந்து வந்தால், ஹெட்டைக் கழற்றிச் சீட்டைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

முடிவாக

இப்போது வரும் பல என்ஜின்களில் எண்ணெய் அழுத்தத்தால் கேப்பைத் தானே சரி செய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கிறது. பிறகு இந்தப் பழைய வேலை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். இன்றும் ஸ்க்ரூ வைத்து டேப்பட் செட் செய்யும் பைக்குகளும் டீசல் என்ஜின்களும் நம்மைச் சுற்றி நிறைய ஓடுகின்றன. அதைவிட, நான் படித்த பாராவை எனக்கு உண்மையிலேயே புரிய வைத்தது இந்த வேலைதான்.

நான்காவது வால்வு இப்போது புது ராக்கரோடு பதினைந்து தௌவில் இருக்கிறது. பானெட்டைத் திறந்து உன்னிப்பாகக் கேட்டால் எட்டும் சேர்ந்து மெல்லிசாக ஒரு சத்தம் போடும். அப்பா தினமும் காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு ஒரு நிமிடம் அதைக் கேட்பார். கேட்டதும், "இருக்குடா" என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

எரிந்த வால்வைத் துடைத்து என் மேஜையில் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பும் ஜூனியர் நண்பர்கள் ஹாஸ்டலில் என் அறைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஃபீலர் கேஜும் இரவல் தருவேன். 15 தௌ தகட்டை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு